ஆள் போக வேண்டிய இடத்துக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் மாநகர ஆணையர் அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்தவரின் துணைவியார் அண்ணி அவர்களே, சக பொறியாளர்களே, கடைசியில் நின்றுகொண்டிருக்கும் கழிவு பிரிக்கும் பிரிவுச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நிற்காதீர்கள் அம்மா, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

நம் உதவிப் பொறியாளரை நாம் எல்லோரும் 'வயித்து டாக்டர்' என்றுதான் அழைத்தோம். கேலியாக ஆரம்பித்தது, பட்டமாக நிலைத்தது. ஏன் அந்தப் பெயர்? இன்று அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்ல?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்நாட்டிலிருந்து நம் காய்கறிச் சந்தைக்கு ஒரு இயந்திரம் வந்தது. அழுகிய காய்கனியைத் தொட்டிக்குள் போட்டால் எரிவாயு வரும், அதில் சந்தை விளக்குகள் எரியும். கூடவே முந்நூறு பக்கக் கையேடு. திறப்பு விழாவில் கை வலிக்கத் தட்டினோம். மூன்றாவது வாரம் விளக்குகள் அணைந்தன. விற்றவர்கள் உங்கள் குப்பை சரியில்லை என்றார்கள். நாம் உங்கள் இயந்திரம் சரியில்லை என்றோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே இரண்டு பக்கமும் அதே கதை.

இவர் ஒருவர்தான் வேறு மாதிரி பேசினார். "அது வயிறு சார். செரிக்கலைன்னா வயித்தத் திட்டுவாங்களா? என்ன சாப்பிட்டுச்சுன்னுதான் கேப்பாங்க."

கேட்க அவர் போன இடம் எது? கழிவு பிரிக்கும் கொட்டகை. அங்கே இருந்தார் எல்லோரும் 'மூக்கு அக்கா' என்று அழைக்கும் தொழிலாளி. வாளியை முகர்ந்தே எது புளித்துவிட்டது, எது இன்னும் தாங்கும் என்று சொல்லிவிடுவார். குளிர்நாட்டுக் குப்பை புளிக்க நாலு நாள் ஆகும். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளித்ததை அப்படியே கொட்டினால் தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். முந்நூறு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. ஏழு மாதம் அக்கா முகர்ந்தார், இவர் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். விடுமுறைக்கு மறுநாள் பாதி அளவு, அதுவும் காய்ந்த இலையோடு கலந்து. இப்படி ஒரு பட்டியல் உருவானது. விளக்குகள் எரிந்தன, இன்றும் எரிகின்றன. விற்றவர்களின் கையேட்டில் இப்போது பதினொரு பக்கம் கூடியிருக்கிறது. அதில் இவர் பெயரும் இல்லை, அக்கா பெயரும் இல்லை.

வேறொரு நகரம் அதே இயந்திரத்தைக் கேட்டது. ஒரு மாதத்துக்கு அக்காவையும் அனுப்ப வேண்டும் என்று இவர் எழுதினார். அந்தக் கோப்பு வரைபடப் பிரிவின் தலைவனான என்னிடம் வந்தது. நான் எழுதிய குறிப்பு எனக்கு மனப்பாடம். "வரைபடங்களும் கையேடும் அனுப்பப்பட்டன. தொழில்நுட்பப் பரிமாற்றம் நிறைவடைந்தது. துப்புரவுப் பணியாளரின் வெளியூர்ப் பயணத்துக்கு விதிகளில் இடமில்லை."

என் மேசைக்கு வந்து நின்றார். "படம் போயிடுச்சு சார். ஆள் போகலையே" என்றார். நான் விதியைக் காட்டினேன்.

அந்த ஊர் இயந்திரம் இரண்டே மாதத்தில் நின்றது. உத்தரவு இல்லாமல் அக்கா நகர முடியாது. ஆகவே தன் சொந்த விடுப்பில் இவர் தனியாகப் போனார். பதினான்கு முறை. அக்காவின் மூக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். மூக்கு நோட்டுக்குள் அடங்குமா? ஓடும், நிற்கும், மறுபடி போவார். பதினான்காவது பயணத்தில், விடுதி அறையில், விடிந்த பிறகு நெஞ்சு வலித்திருக்கிறது. மத்தியானம் வரை கதவைத் தட்ட ஆள் இல்லை.

நண்பர்களே, அந்த அறையில்தான் அவர் தனியாக ஆனாரா? இல்லை. இங்கேயே, நம் நடுவிலேயே தனியாகத்தான் இருந்தார். கொட்டகை நாற்றம் அவர் சட்டையில் ஏறியிருந்தது. முதலில் மேசையைத் தள்ளிப் போட்டவன் நான். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னேன். அவர் நம்பியது போல இருந்துகொண்டார். பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தோம். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிடுவார். வீட்டுக்குப் போனதும், "இன்னும் நாத்தம் அடிக்குதா?" என்று தினமும் கேட்பாராம். "இல்லைன்னு தினமும் பொய் சொன்னேன்" என்று நேற்று அண்ணி என்னிடம் அழுதார். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட எனக்கு அன்பு இல்லாமல் போயிற்று.

இப்போது எங்கள் அலுவலக மாடியில் நாற்றம் இல்லை. யாரும் தள்ளி உட்கார வேண்டியதில்லை. உட்கார்ந்து வேலை செய்யத்தான் முடியவில்லை.

ஆணையர் அவர்களே, மூக்கு அக்காவின் ஒரு மாதப் பயண உத்தரவில் நேற்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். விதி எங்கே என்று தணிக்கை கேட்டால் என்னைக் கேட்கட்டும். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போகிறேன். அந்த ஊர் இயந்திரம் ஓடும்வரை திரும்ப மாட்டோம்.

இன்று காலை கொட்டகைக்குப் போய் அக்காவிடம் இதைச் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"வர்றேன் சார். ஆறு மணி நேரம் பஸ்ல போகணும். என் பக்கத்து சீட்டுல உக்காருவீங்களா?"

உட்காருவேன் அக்கா. டாக்டரே, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. நாளைக் காலை ஏழு மணி வண்டியில் புறப்படுகிறோம். வணக்கம்.