டாக்டர் எல்ஸ்பெத்துக்கே கிடைக்காத பதக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! இசை விழாக் குழுத் தலைவர் திரு. ஸ்ட்ருவன் கன் அவர்களே! நனைந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பின்னால் நிற்கும் நம் தீவு மக்களே! வணக்கம். பள்ளி மாணவர்கள் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள், மறைந்த நம் கால்நடை மருத்துவர் டாக்டர் எல்ஸ்பெத் மக்ஃபேல் மாபெரும் பிடில் கலைஞர் என்றார்கள். பொய்! நாற்பது வயதில் பிடிலைத் தொட்டவர் அவர். எந்த நடன மெட்டை எடுத்தாலும் இரண்டாம் பாதியில் வழி தவறிவிடுவார். அவர் வில்லை எடுத்தாலே துறைமுக விடுதியின் நாய் எழுந்து வெளியே போகும். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பொய் சொல்கிறீர்கள்?

அவர் செய்தது வேறு. அதோ அமர்ந்திருக்கிறாரே டொர்க்வில் மாமா, அவருடைய பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. டாக்டரின் கை தோள்வரை பசுவுக்குள். மாமாவோ பசுவின் காதோரம் நம் தீவின் பழைய கேலிக் மொழிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன பாட்டு?"

"சும்மா, டாக்டர். மாட்டுக்குப் பாடுறது."

"நிறுத்தாதீங்க! மாட்டுக்கு மட்டும்தான் பாடுவீங்களா? மனுஷங்க என்ன பாவம் பண்ணினோம்?"

கன்று பிறந்தது. அந்த வெள்ளிக்கிழமையே, வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் வாசிக்கும் துறைமுக விடுதியின் பின்னறைக்கு டாக்டர் அவரை இழுத்து வந்தார். கடையில் ரொட்டி கேட்கவே கூச்சப்படும் மனிதர், எங்கள் வட்டத்தின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கிளாஸ்கோ நகரிலிருந்து இங்கே வந்த டாக்டர், நம் தீவின் பாட்டை நமக்கே கேட்கக் கொடுத்தார்!

நானும் அப்படிக் கூச்சப்பட்டவள்தான். நூலகப் புத்தகத்தில் மெட்டுகளைப் படித்துவிட்டு, குழலோடு அந்த அறை வாசலில் நின்றேன்.

"ஏ புள்ள, கதவுக்குக் காவலா? உள்ள வா."

"எனக்கு ஒரு மெட்டுதான் தெரியும், டாக்டர்."

"எனக்கு அரைதான் தெரியும். நீயே ஆரம்பி."

தொடங்குபவர் வைப்பதுதான் வேகம். மற்றவர்கள் அதற்கே வாசிக்க வேண்டும். அது எங்கள் வட்டத்தின் வழக்கம். அன்று அத்தனை தேர்ந்த கைகளும் என் நத்தை வேகத்துக்கு வாசித்தன. யாரும் முந்தவில்லை. முந்த டாக்டர் விடவில்லை!

பிறகு என்ன நடந்தது? கோடையில் பயணிகள் கூட்டமாக வந்தார்கள். விழாக் குழு விழித்துக்கொண்டது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டது. ஒலிபெருக்கி வைத்தது. வாசிக்க விரும்புபவர்களுக்குத் தேர்வு வைத்தது. ஆம், மதிப்பெண் போட்டுத் தேர்வு! டொர்க்வில் மாமா தோற்றார். நான் தோற்றேன். அந்த வட்டத்தைக் கூட்டிய டாக்டர் எல்ஸ்பெத்தும் தோற்றார்.

தலைவர் அவர்களே, நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "டாக்டர், கோச்சுக்காதீங்க. நீங்க தேநீர்ப் பக்கம் பாத்துக்குங்களேன்."

அவர் பிடிலைப் பெட்டியில் வைத்தார். "சரி ஸ்ட்ருவன். உங்க நாய்க்குத் திங்கக்கிழமை ஊசி, மறந்துடாதீங்க" என்றார். கடைசிவரை தேநீர்தான் ஊற்றினார். ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன். "நான் கத்தினா பாட்டு நின்னுடும், புள்ள" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. எனக்கு அது வேண்டாம்!

இப்போது, தீவின் மிகச் சிறந்த இசைக்கலைஞருக்கு ஆண்டுதோறும் "டாக்டர் எல்ஸ்பெத் பதக்கம்" என்று அறிவிக்கிறீர்கள். ஐயா, அந்தப் போட்டிக்கு அவரையே உள்ளே விட்டிருப்பீர்களா? உயிரோடு இருந்தபோது கொடுக்காத நாற்காலிக்குப் பதிலாக உலோகத்தில் அவர் பெயரா? தேர்வை எடுங்கள், இல்லையென்றால் அவர் பெயரை எடுங்கள்!

எங்கள் உறுதிமொழி இதுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் படகு போனதும் படகுத் துறையின் காத்திருப்பு அறை காலியாக இருக்கும். அனுமதி வாங்கிவிட்டோம். அங்கே மேடை இல்லை, மதிப்பெண் இல்லை. தப்பாக வாசிப்பவர்தான் முதலில் தொடங்குவார். தலைவர் அவர்களே, அலமாரியில் தூங்கும் உங்கள் பழைய அக்கார்டியனோடு நீங்களும் வரலாம். உங்கள் வேகத்துக்கே வாசிப்போம்.

தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள்.