கோல்கள் என்னுடையவை

முப்பத்திரண்டு வயதிலேயே முட்டி ஏன் தேய்ந்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் செயற்கைப் புல்தரையைத்தான் குறை சொல்லிவந்தேன். பாவம், புல் என்ன செய்யும்? அப்போது எனக்கு உண்மையில் வயது முப்பத்தைந்து.

நீதிபதி அம்மா, உங்கள் கையிலுள்ள கோப்பில் என் பெயர் நெய்சர் கிஞோனெஸ் என்றிருக்கும். பதினைந்து வருடம் கால்பந்து அணியின் முன்களத்தில் ஆடி, இருநூற்று ஆறு கோல் போட்டு ஓய்வு பெற்றவன். கோல்கள் என்னுடையவை. பெயர் என் தம்பியுடையது. நான் ஒலிந்தோ.

எஸ்மெரால்டாஸ் பக்கம் கழிமுகத்தில் எங்கள் ஊர். அலையாத்திக் காட்டுச் சேற்றில் கைவிட்டுக் கருஞ்சிப்பி பொறுக்குவதுதான் பிழைப்பு. அப்பா எங்கள் இருவரையும் ஒரே நாளில் படகில் ஏற்றிப் போய்ப் பிறப்பைப் பதிந்தார். அந்தப் பிறப்புச் சான்றுத் தாளில் புகைப்படம் எல்லாம் கிடையாது. பதினேழு வயதுக்காரனைக் கிளப்புகள் ஏறெடுத்தும் பார்க்காது. பதினாலு என்றால் கூப்பிட்டு வைத்துச் சோறு போடும். அதனால் தம்பியின் தாளில் அண்ணன் ஆடுவது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த சங்கதி. பெரும்பாலும் தம்பிகளே மனசோடு கொடுத்துவிடுவார்கள். என் தம்பியும் கொடுத்தான் என்றுதான் ஊர்ப்பக்கம் கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன்.

அவன் கொடுக்கவில்லை. மணல்திட்டில் அவன் ஆடுவதைப் பார்த்த பாதிரியார் குவாயாக்கில் நகரத்தில் ஒரு கிளப்புக்கு எழுதிப்போட்டிருந்தார். அழைப்பு அவன் பெயருக்குத்தான் வந்தது. அது வந்த அன்று அவன் அம்மாவோடு சிப்பிக்குப் போயிருந்தான். நான் பிஸ்கட் டப்பாவிலிருந்து அவனுடைய தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். குள்ளமாக இருந்தேன், மீசையும் அரும்பவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை.

ஊருக்குத் தெரியாதா என்பீர்கள். எல்லாருக்கும் தெரியும். முதல் சம்பளத்தில் தேவாலயத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு பாதிரியார் உட்பட எல்லாரும் என்னை நெய்சர் என்றே கூப்பிட்டார்கள். அம்மா மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பியிடம், "ஒருத்தனாச்சும் கரையேறிட்டான்ல. விட்டுடுப்பா" என்றாளாம்.

அவன் விடவில்லை. பதினெட்டு வயதில் அடையாள அட்டை வாங்கப் போனபோது, நெய்சருக்கு ஏற்கெனவே அட்டை கொடுத்தாயிற்று என்று துரத்திவிட்டார்கள். மிச்சமிருந்தது என் தாள்தான். ஒலிந்தோ என்று அட்டை வாங்கிக்கொண்டான். இரண்டு வருடம் கழித்து எங்கள் பயிற்சி மைதானத்துக்கே வந்துவிட்டான். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தான்தான் நெய்சர் என்று கத்தினான்.

பயிற்சியாளர் பாலாசியோ என் பக்கம் திரும்பினார். "யாருடா இவன்?"

"எங்க அண்ணன் சார். சின்னதுல மூளைக்காய்ச்சல் வந்துச்சு. அதுலேருந்து தன்னை நான்னு நெனச்சுக்கிறான்."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, என்னண்ணே இப்படிச் சொல்ற?"

"தம்பியப் போய் அண்ணேங்கிறான் பாரு" என்று கோல்கீப்பர் சிரித்தான். பாலாசியோ கதவைத் திறந்து அவனிடம் ஒரு பந்தை உருட்டிவிட்டார். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு அடித்தான். பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது.

"புத்தி பிசகினாலும் காலு பிசகலடா" என்றார் பாலாசியோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சட்டப்படி அவனுக்கு நெருங்கிய உறவு நான்தான். மனநல மருத்துவமனையில் அவனைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டேன். காற்றோட்டமான அறையாகவே கேட்டு வாங்கினேன். டாக்டர் அவன் பெயரைக் கேட்டால் நெய்சர் என்பான். நோய் குறையவில்லை என்று மருந்தைக் கூட்டுவார்கள். கிறிஸ்துமஸ் தோறும் தேங்காய்ப்பால் விட்ட சிப்பிக்குழம்பு கொண்டுபோவேன். ஒருமுறை பத்திரிகையில் படம்கூட வந்தது, அண்ணனைக் கைவிடாத தம்பி என்று. அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினேன். சொல்லவே நாக்கூசுகிறது. இப்படிப் பதினாலு வருடம் போயிற்று.

போன மாதம் டாக்டர் போன் செய்தார். "உங்க அண்ணன் குணமாயிட்டாருங்க. ஒரு வருஷமா பேரு கேட்டா ஒலிந்தோன்னு கரெக்டா சொல்றாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

போனை வைத்ததும் நேரே போனேன். முப்பத்துநாலு வயதில் அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீதான் நெய்சர், நான் உன்னிடமிருந்து திருடினேன் என்றேன்.

அவன் வாசலில் நின்ற நர்ஸைப் பயத்தோடு பார்த்தான். குனிந்து என் காதோடு சொன்னான்: "மெதுவாப் பேசுங்க. நெய்சர் என் தம்பி, பெரிய ஆட்டக்காரன். என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா ஊசி போட்டுடுவாங்க."

அவன் பெயரை அவனுக்கே திருப்பி எழுதித் தாருங்கள் என்று கேட்கத்தான் இங்கே வந்தேன், அம்மா. எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதிதான் வந்தது.