நின்ற இடத்திலேயே ஓடிய கார்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, மேடம். பேரிங் போய்விட்டது. அரை மணி நேர வேலை. சரி, அது கிடக்கட்டும்.

நான் வனஜா. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் மோட்டாருக்குக் காயில் சுற்றினவள். இப்போது வெள்ளானூரில் ஃபிளாட்டில் இருக்கிறேன். எங்கள் சங்கச் செயலாளர் அழகேசன் போன வாரம் கிளப் ரூமில் ஷாக் அடித்துச் செத்தாரே, அது விஷயமாகத்தான் வந்தேன்.

அவரை ஷாக் அடித்த அந்தக் கார் ரேஸ் விளையாட்டு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது வருஷப் பழசு. மாங்காட்டில் காயலான் கடையில் கிடந்ததை அழகேசன் தூக்கி வந்தார். உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ரோடு வரைந்த ஓர் உருளையை மோட்டார் சுற்றும். அதன்மேல் கம்பியில் மாட்டிய தகரக் கார், ஸ்டியரிங்கைத் திருப்பினால் இப்படியும் அப்படியும் அசையும். அவ்வளவுதான். கார் நின்ற இடத்திலேயே நிற்கும், ரோடுதான் ஓடும். பிடித்திருப்பவன் மட்டும் தான் பறப்பதாக நினைத்துக்கொள்வான். அழகேசனுக்கென்றே செய்த மெஷின்.

நாலு மாதம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தவள் நான். புதுக் காயில் சுற்றினேன். அறுபதாவது விநாடியில் ஆட்டம் தானாக நிற்க வேண்டுமென்று பல்சக்கரத்தை அராவி அராவிக் கொண்டுவந்தேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு பஜ்ஜி தின்றார். திறப்பு விழாவில் பார்த்தால் பலகையில் ‘பழுது பார்த்தவர்: அழகேசன்’ என்றிருந்தது. கேட்டேன்.

“இன்னாக்கா நீ, ஒரு பேருக்குப் போயி. பொம்பள பேரப் போட்டா எவன் நம்பி கை வெப்பான்?” என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, “டார்ச் புடிச்சது நம்ம வனஜாக்காதான், கை தட்டுங்கப்பா” என்றார். தட்டினார்கள்.

எனக்குக் கோபமில்லை. அந்த மாதிரி ஆள்மேல் கோபப்படுவது நேரத்துக்குக் கேடு. மறுநாள் காலையில் பின்பலகையைத் திறந்து இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். தினமும் முதல் ஆட்டம் தன்னுடையது என்று விழாவிலேயே சொல்லியிருந்தார், அவருக்கு முன்னால் வேறு யாரும் தொடமாட்டார்கள். “இப்பத்தான் தரை கழுவினது, செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்றேன். கழற்றினார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தவரால் விட முடியவில்லை. மெயின் சுவிட்ச் எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நடுவில் நிறுத்துவது மெஷினுக்கு நல்லதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரியாக அறுபது. ஒரு விநாடி முன்னே பின்னே இல்லை.

ஏட்டு தமிழரசு சிரிக்கிறார். “ஊட்டுக்குப் போம்மா, ஒயரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தவர். அவருடைய நாற்காலி அந்த விசிறிக்கு நேர் கீழேதான் கிடக்கிறது போல.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். நேற்று சங்க நோட்டீஸ் போர்டில் உங்கள் அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். ‘அழகேசன் தாமே பழுது பார்த்த இயந்திரத்தில் இருந்த வயரிங் கோளாறால் இறந்தார்.’ முதலில், அது கோளாறு இல்லை. அடுத்தது, அதைச் செய்தது அவர் இல்லை. செத்த பிறகும் என் வேலை அவர் கணக்கிலா? அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.

மற்றபடி, பெயருக்கு ஆசைப்படுகிறவள் இல்லை நான்.