எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு

இருங்க தம்பி, இருங்க. அத அமுக்கிடாதீங்க. பாங்க் மாத்தினீங்க, மெயில் மாத்தினீங்க, ஆஸ்பத்திரி லாகினையும் மாத்தினீங்க, நான் வாயத் தொறந்தேனா? இந்தப் படம் பாக்குற கணக்கு மட்டும் பழைய பாஸ்வேர்டுலயே இருக்கட்டும்.

ஆமா, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வச்சிருந்தேன். அதுக்குத்தான் அரமணி நேரமா திட்டினீங்களே. எக்ஸ்ரே செக்‌ஷன்ல எவனோ கண்ட மெயிலயும் தொறந்து வச்சான், அதுக்கு கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேர்ந்து நீங்க வந்து இந்தத் துணிக் கிடங்குல என்னப் போட்டு உலுக்கறீங்க. பதினாறு வருஷமா இங்க இருக்கேன். ஆறு மாடிக்கு எத்தன பெட்ஷீட்டு, எத்தன தலகாணி உறை, எது சலவைல இருக்கு, எது கிழிஞ்சு கெடக்கு, எல்லாம் இந்த மண்டைலதான் இருக்கு. இதுக்கு மேல பன்னெண்டு பாஸ்வேர்டு வைக்கணும்னா மண்டைக்கு மேல ஒரு மாடி எழுப்பணும். பெரிய எழுத்து ஒண்ணு, சின்ன எழுத்து ஒண்ணு, நம்பர் ஒண்ணு, ஆச்சரியக்குறி ஒண்ணு. போர்வை எண்றவளுக்கு எதுக்குங்க ஆச்சரியம்? மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னீங்க. எங்க சூப்பர்வைசர் கடைசில ஒரு நம்பர மட்டும் கூட்டிக்கிட்டே வர்றாரு, இப்ப பதினேழுல நிக்கறாரு.

சிரிக்காதீங்க, உங்க லட்சணம் மட்டும் என்ன? உங்க ரூம் கதவு நம்பர் பூட்டுல நாலு பட்டன் மட்டும் தேஞ்சு பளபளன்னு கெடக்கு, மீதியெல்லாம் அப்படியே புதுசு. மாடி கூட்டுற அக்கா என்னைக்கோ கண்டுபிடிச்சாச்சு.

தெரியும். வேற ஊர்லேர்ந்து யாரோ இந்தக் கணக்குக்குள்ள வர்றாங்க, அதானே? ரெண்டு வருஷமா தெரியும். புது டிவில நொழைஞ்சது நீங்கதானான்னு மொத தடவ மெயில் வந்துச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன். பொய்தான்.

என்ன கொள்ளையா அடிக்கறாங்க? படம் பாக்கறாங்க. அந்த ஆந்தை மூஞ்சி போட்ட கட்டம் என்னுது இல்ல, அதத் தொறங்க. பாத்ததெல்லாம் வரிசையா வரும். கீழ இழுங்க, இன்னும் கீழ, போன வருஷத்துக்குப் போங்க. எல்லாம் கொல. கொலகாரன் யாருன்னு தெரியறதுக்குள்ள தூங்கிப்போற ஜென்மம், பாருங்க, முப்பத்தொண்ணாவது நிமிஷத்துல நிக்குது. மறுநாள் அங்கேர்ந்துதான் எடுக்கும். நடுவுல எட்டு நாள் எதுவுமே பாக்கல. எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல, மூணாவது வார்டுக்குப் போர்வைக்குப் பதிலா திரைத்துணிய அனுப்பிட்டேன். ஒம்பதாம் நாள் ஒரு சமையல் போட்டிய அரமணி நேரம் பாத்துச்சு. அதுக்கப்பறந்தான் நான் ஒழுங்கா சாப்ட்டேன்.

யாரா இருக்கும்? என் பொண்ணுதான். எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு.

ஓடியெல்லாம் போகல. பட்டப்பகல்ல, ரெண்டு பெட்டியோட, டாக்ஸி வரவச்சுப் போனா. நான் பண்ண வேல அப்படி. கதவுப் பட்டனப் பாத்த இந்தக் கண்ணு வீட்ல மட்டும் சும்மா இருக்குமா? அவ போனத் தொறக்கறப்போ வெரல் போற போக்க வச்சே ஆறு நம்பரையும் புடிச்சிட்டேன். அவ குளிக்கப் போன நேரம் தொறந்தேன். ஒரு பையனோட பேசினது அத்தனையும் படிச்சேன். படிச்சதோட விட்டேனா? ஹால்ல எங்க அண்ணனும் அண்ணியும் உக்காந்திருக்காங்க, அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். குரல மாத்தி, நடிச்சு வேற காட்டினேன். அவ ஈரத்தலையோட வந்து நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அழல. உன்கிட்டேர்ந்து எதையும் பூட்டி வைக்க முடியாதும்மான்னா. அவ்ளோதான் சொன்னா.

சாயங்காலத்துக்குள்ள போன் நம்பர் மாத்திட்டா, மெயில் மாத்திட்டா, எல்லாத்துலேர்ந்தும் என்னத் தூக்கிட்டா. நீங்க சொல்ற மாதிரியே ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பாஸ்வேர்டு போட்டிருப்பா, கெட்டிக்காரி. இது ஒண்ணு மட்டும் என் பேர்ல இருக்கு, இதுல மட்டும் இன்னும் வர்றா. மறந்துட்டாளா, வேணும்னே விட்டு வச்சாளா, தெரியல. வேணும்னே விட்டிருக்கணும்னு ஒரு ஆச. தப்பு என்னுதுதான் தம்பி. அத அவகிட்ட சொல்லத்தான் நம்பர் இல்ல.

இப்ப நீங்க அந்தப் பட்டன அமுக்கினா அங்க அவ டிவில பாஸ்வேர்டு கேக்கும். அம்மா கதவச் சாத்திட்டான்னு நெனப்பா. கூப்பிட்டு ஏன்னு கேக்கற ஆள் இல்ல அவ, அப்படியே என்ன உரிச்சு வச்சிருக்கு.

இப்ப மேல வாங்க. ரெண்டு மாசமா கொலையெல்லாம் நின்னுபோச்சு, பாருங்க. நேத்து மத்தியானம் நான் இங்க டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு இத மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரே தாலாட்டு, பதினோரு தடவ. ஏழாவதோட நிறுத்தினா. சரி, தூங்கிருச்சுன்னு நானும் ஒரு வாய் எடுத்து வச்சேன். ரெண்டே நிமிஷம், மறுபடி போடறா.

எல்லாம் காட்டுது தம்பி. பையனா பொண்ணான்னு மட்டும் காட்ட மாட்டேங்குது.