நாலு குரலுக்கு ஒரு செம்பு

வெயில் காலத்தில் மதுரையில் சாட்டின் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடுவது லேசான காரியம் இல்லை, ஐயா. ரெண்டு பாட்டு முடிவதற்குள் முதுகு நனைந்துவிடும். புதுமண்டபத்துத் தையல்காரர் நாலு பேருக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுத்தார். கோவில் குடைக்கு வாங்கியதில் மிஞ்சிய துணி என்று அப்புறம்தான் தெரிந்தது. மேடையில் மினுங்கியது, எங்களுக்கு அது போதும்.

தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். என் பெயர் அழகுமலை, ஊர் ஒத்தக்கடை. 1974இல் எங்கள் சேக்காளி அப்துல் லத்தீப்பின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து வரும்போது லண்டன் இசைத்தட்டு ஒன்று கொண்டுவந்தார். லேம்ப் ஸ்ட்ரீட் ஃபோர் என்று நாலு கறுப்பு இளைஞர்கள். சோல் என்று அந்தப் பாட்டு வகைக்குப் பெயராம். ஒருவன் முன்னால் நின்று பாடுவான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு சுருதியில் அவனைப் பின்னாலிருந்து தாங்குவார்கள்.

நம் பக்கம் சேர்ந்து பாடினால் எல்லாரும் ஒரே மாதிரிதான் பாட வேண்டும். நாங்கள் பழகுவதைக் கேட்ட, எங்கள் நாலு பேரில் ஒருவனான வெள்ளைத்துரையின் அம்மா, நாலு பேரும் நாலு விதமாகத் தப்புத் தப்பாகப் பாடுகிறீர்களே, ஒருத்தராவது சரியாகப் பாடக்கூடாதா என்று கேட்டார். சிரித்துக்கொண்டோம். அந்த மெட்டுகளுக்கு வெள்ளைத்துரை தமிழில் வார்த்தை போட்டான். வைகை ஃபோர் என்று பெயர் வைத்தோம்.

முன்னால் நின்றவன் முத்திருளன், திருமங்கலத்துக்காரன். பஞ்சுக் கிட்டங்கியில் வேலை. அவன் குரலை நான் எங்கேயும் குறைத்துப் பேசியதில்லை. தமுக்கத்தில் பொருட்காட்சிக்குப் பாடியபோது, ராட்டினம் சுற்றுகிறவன் ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். என்னுடையது அடிக்குரல். ஐந்து வருடத்தில் மேடையில் நான் ஒரு சொல்கூடப் பாடியதில்லை, 'ஊ' மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

1978இல் லத்தீப்பின் அண்ணன் ஒரு ஆங்கிலப் பத்திரிகை கொண்டுவந்தார். லேம்ப் ஸ்ட்ரீட் ஃபோர் கலைந்துவிட்டது என்று அதில் போட்டிருந்தது. முன்னால் பாடியவன் தனியாகப் பாடப் போய்விட்டான். மற்ற மூவரில் ஒருவன் பஸ் ஓட்டுகிறான், ஒருவன் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான், ஒருவனைப் பற்றித் தகவல் இல்லை. லத்தீப்பை ரெண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அந்த மூன்றாவது ஆள்தான் அடிக்குரல் என்று இசைத்தட்டு அட்டையில் படத்துக்குக் கீழே போட்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் முத்திருளனுக்கு மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது. சினிமாவுக்கு இசையமைக்கிற ஒருவர் அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"மாப்ள, தை பொறந்ததும் போறேன். வீட்டுல கூட இன்னும் சொல்லல, ஒன்ட்டதான் மொதச் சொல்றேன்" என்றான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் சுக்குக் கஷாயம் காய்ச்சுவது என் பொறுப்பு. நாலு பேரும் ஒரே செம்பில் அண்ணாந்து குடிப்போம். முதலில் நான், அப்புறம் லத்தீப், வெள்ளைத்துரை. கடைசியில் முத்திருளன், செம்பைக் கலக்கி மண்டியோடு குடிப்பான். அதிகம் பாடுகிறவனுக்குக் கெட்டியானது போகட்டும் என்று முதல் வருடமே வைத்துக்கொண்ட முறை அது. இந்தக் காரியத்துக்காக நான் ஏற்படுத்தியதில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாடுகிறவனுக்குச் செந்தூரம் கொடுத்தால் தொண்டை போய்விடும் என்பது நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அது கனமான பொடி, கஷாயத்தில் போட்டால் அடியில் தங்கிவிடும். மேலாகக் குடித்த எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் குடித்தேன்.

தையில் அவன் மெட்ராசுக்குப் போனான், நாலாம் நாள் திரும்பினான். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டதாம். பஞ்சுத் தூசியாக இருக்கும் என்று நானே சொன்னேன். குழு பிரியக்கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ரெண்டு கச்சேரியில் முன்னால் நின்று நான் பாடினேன். கூட்டம் பந்திக்கு எழுந்து போனது. கல்யாண வீடு, பசி நேரம். 1981இல் லத்தீப் சவுதிக்குப் போனான். வெள்ளைத்துரை பாங்கு வேலை கிடைத்துச் சேலம் போய்ச் சேர்ந்தான்.

நான் முத்திருளனை விடவில்லை. வாரம் தவறாமல் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறி, தொண்டைக்கு மருந்து என்று கஷாயத்தைப் புட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மனைவி அன்னக்கொடி எனக்கு இலை போடாமல் அனுப்பமாட்டாள்.

"கூடப் பொறந்தவுகளே எட்டிப் பாக்கல. நீங்க மட்டும் இம்புட்டுத் தூரம் வாரீகளேண்ணே" என்பாள்.

அவனுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, கால் வீங்கியது. நடக்க முடியாத நாளில் தோளில் சாய்த்துக் கொல்லைக்குக் கூட்டிப் போனதும் நான்தான். அவன் செத்தபின் கடைசிப் புட்டியின் மண்டியை டாக்டரிடம் கொண்டுபோனவள் அன்னக்கொடி. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பெண்.

குரல்தான் முதல் வருடமே போய்விட்டதே, பிறகும் ஏன் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1983 புரட்டாசியில் எனக்கு டைபாய்டு. ஆறு வாரம் போக முடியவில்லை. தேறிப் போனபோது அவன் பம்புசெட்டுத் தொட்டி ஓரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். மேல் ஸ்தாயி உடையாமல் வந்தது. முன்னைவிட நன்றாக இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

என்னைப் பார்த்ததும், "வந்துருச்சு மாப்ள. நீ பின்னால 'ஊ' குடு" என்றான்.

கொடுத்தேன். கரண்டு போய் மோட்டார் நிற்கும்வரை ரெண்டு பேரும் பாடினோம். அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. உன் மருந்துதான் மாப்ள என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் கொண்டுபோன புட்டியில் அளவை இரட்டித்தேன். மார்கழிக்குள் போய்விட்டான்.

குழு பிரியக்கூடாது என்றுதான் அதையும் செய்தேன், ஐயா. குழு கலைந்து அப்போது ரெண்டு வருடம் ஆகியிருந்தது என்கிறீர்கள். கணக்குச் சரிதான். அன்றைக்கு எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.