நட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

இந்த மேஜையின் இடது முன்கால் ஆடுகிறது. நீங்கள் எழுதும்போதெல்லாம் டக் டக்கென்று தரையில் தட்டுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும், எனக்குப் பழகவில்லை. அடியில் ஏதாவது திருகாணி கழன்றிருக்கும், ஒரு நிமிட வேலை. கையில் விலங்கு இல்லாவிட்டால் கேட்காமலே முடித்திருப்பேன். கழன்றதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது என் சுபாவத்தில் இல்லை.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பத்தொன்பது வருடமாக வாரண்டி பரிசோதகன். வாரண்டிக் காலத்துக்குள் ஒரு வண்டி பழுதாகி வந்தால், தவறு வண்டியைத் தயாரித்தவருடையதா, ஓட்டியவருடையதா என்று பார்த்து எழுத வேண்டும். சாதாரணக் கார்களில் இது பெரிய விஷயமில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில்தான் தலைவலி. வேகத்துக்காகவே வாங்குகிறார்கள், ஆறாவது மாதம் அந்த வேகம் போதவில்லை என்கிறார்கள். இன்ஜினை ஆட்டிவைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது, நாங்கள் அதைப் பெட்டி என்போம். அதன் புரோகிராமை மாற்றி எழுதி, சைலன்சரையும் மாற்றினால் பவர் ஏறும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. வாரண்டி ஆளோடு போவதில்லை, வண்டியோடு வருகிறது. ஒன்றரை வருடம் மீதி இருந்தால் வாங்கியவருக்கு அந்த ஒன்றரை வருடம். அதே போல, முதலில் வைத்திருந்தவர் செய்த காரியங்களும் வண்டியோடு வந்துவிடும். சீட் உறையை மாற்றியதற்காக இன்ஜின் வாரண்டியை மறுக்க முடியாது. அப்படி மறுப்பவன் அயோக்கியன். ஆனால் பவர் ஏற்றிய வண்டியில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போனால் மறுக்கலாம். ஏற்றியது யார் என்று விதி கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நான் பவர் ஏற்றிக் கொடுப்பேன். இதை ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வண்டியை விற்கிற நேரம் வந்தால் அதே ஆள் திரும்ப வருவார், இறக்கிக் கொடுப்பேன். பழைய சைலன்சர், பழைய புரோகிராம், ஷோரூமிலிருந்து இறங்கிய நாள் போல. ஒன்று மட்டும் மாறாது. பெட்டிக்குள் எத்தனை முறை எழுதினார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும், அதை யாராலும் அழிக்க முடியாது. தொடாத வண்டியில் அது பூஜ்யம். என் கை பட்ட வண்டியில் இரண்டு, ஏற்றியது ஒன்று, இறக்கியது ஒன்று.

அந்த எண்ணிக்கையைப் படிக்கும் கருவி எங்கள் சென்டரில் ஒருவரிடம்தான் உண்டு. அந்த ஒருவர் நான்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய இரண்டை, வண்டி கைமாறி, பழுதாகி வரும்போது, நானே கண்டுபிடித்து நானே வாரண்டியை மறுப்பேன். ஏழு வருடத்தில் பதினொரு வண்டி. கண்டும் காணாமல் விட்டிருக்கலாம் என்று உங்கள் உதவியாளர் காலையில் சொன்னார். அவர் சின்னப் பிள்ளை. அப்படி விடுவது சம்பளம் கொடுப்பவருக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் ஒரு நட்டை இறுக்கினால் அதன் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம், நட்டில் பாதி, அது உட்காரும் இடத்தில் பாதி. நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். சென்டரில் எல்லோரும் மஞ்சள். ஷெட்டில் நான் வெள்ளை. இரண்டு வேலையும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. என் வெள்ளை, மஞ்சளைவிட நல்ல சரக்கு, தேடி வாங்கினேன். என் கை ஸ்பேனரை வைத்ததும் அடுத்ததாகப் பேனாவைத்தான் எடுக்கும். தூக்கத்தில்கூடக் கோடு போடுவதாக என் மனைவி சொல்வாள்.

இப்போது அந்தச் சிவப்பு வண்டி. வாங்கியவள் ஒரு பல் டாக்டர், முப்பத்திரண்டு வயதிருக்கும். கூடவே அவளுடைய அப்பா வருவார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நல்ல மனிதர். முதல் நாள் வந்தபோது வண்டி நின்று ஐந்து நிமிடமாகியும் அவர் பக்கக் கதவு திறக்கவில்லை. அந்த மாடலில் உள்பக்கக் கைப்பிடி கண்ணுக்குத் தெரியாது. கை வைக்கும் பட்டைக்கு அடியில் ஒரு பொத்தான், அதை அமுக்கியபடி தள்ள வேண்டும். நான் போய் வெளியிலிருந்து திறந்தேன்.

"இருபத்தெட்டு வருஷம் கதவை கண்டக்டர்தான் பாத்துக்கிட்டான். அவன் இல்லாம எனக்கு எறங்கத் தெரியல, தம்பி," என்றார்.

"மூணு தடவை காட்டிட்டேன் சார். வேணும்னே பண்றார்," என்றாள் மகள்.

"அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினவன் நான். இவ வாங்கின வண்டில மூணாவது ஆளுக்கு இடமில்ல. படியில தொங்கலாம்னா படியும் இல்ல."

அன்றிலிருந்து என்னைக் கண்டக்டர் தம்பி என்றே கூப்பிட்டார். கைப்பிடி எங்கே இருக்கிறதென்று அடுத்த முறை காட்டுகிறேன் என்று சொன்னேன்.

வண்டியில் டர்போ ஊளையிட்டது, மேட்டில் இழுவை இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தேன், இரண்டு. மறுத்து எழுதினேன். மற்ற பத்துப் பேரும் சத்தம் போட்டார்கள், ஒருவர் நாற்காலியை உதைத்தார், பிறகு அடங்கிப் போனார்கள். இவள் சத்தம் போடவில்லை. மூடியிருந்த இன்ஜினைத் திறக்கச் சொல்லி, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள்.

"இங்க எல்லாக் கோடும் மஞ்சளா இருக்கு. இது நாலு மட்டும் ஏன் சார் வெள்ளை?"

"முன்னாடி வெச்சிருந்தவர் வெளியில எங்கயாவது குடுத்திருப்பார்."

"இன்னொரு டாக்டர் அடைச்ச பல்லு எங்கிட்ட வந்தா, பாத்ததும் தெரிஞ்சிடும். இது வேற கை. ஆனா நல்ல கை, சுத்தமா போட்டிருக்கான்." போட்டோ எடுத்துக்கொண்டாள். "மாத்தினது யாருன்னு தெரிஞ்சா நான் அவன்கிட்டயே கேட்டுக்கறேன். உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நல்ல கை என்று யாரும் என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

அவள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். வியாழக்கிழமை அங்கிருந்து ஒரு இன்ஜினியர் வருவதாகப் பதில் வந்தது. அவர் கொண்டுவரும் கருவி எண்ணிக்கையோடு நிற்காது. எந்தத் தேதியில், எந்த லேப்டாப்பிலிருந்து எழுதினார்கள் என்பதுவரை படிக்கும். என் லேப்டாப் சென்டரின் பெயரில் பதிவானது.

அந்த வாரம் எனக்கு உட்கார முடியவில்லை. இப்போது இந்த மேஜைக் கால் ஆடுகிறதே, இதே ஆட்டம்தான். ஒரே வண்டியின் டயர் காற்றை மூன்று முறை பார்த்தேன். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். "உட்கார்ந்து சாப்பிட்டா தட்டு கோவிச்சுக்குமா?" என்று மனைவி கேட்டாள். அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கழற்றி வாஷர் மாற்றினேன். பிறகு சொட்டாத குழாயையும் கழற்றினேன்.

பெட்டி இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்ஜின் எரிந்தால் அதுவும் எரியும். பவர் ஏற்றிய வண்டி தீப்பிடித்தது என்றால் கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதை நான் திட்டம் என்று சொல்ல மாட்டேன். நடக்கக்கூடிய ஒன்றை முன்கூட்டியே பார்ப்பது பரிசோதகனின் வேலை.

புதன்கிழமை காலை அவளுக்குப் போன் செய்து, நாளை பரிசோதனைக்கு முன்னால் இன்ஜினைத் துடைத்து வைக்கிறேன், கொண்டுவாருங்கள் என்றேன். வந்தாள். அப்பாவும் வந்தார். அவர்கள் வரவேற்பறையில் டீ குடிக்கும்போது, பெட்ரோல் குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான். பழைய கோடு உடைந்து தெரிந்தது. கண்ணை உறுத்தியது. தின்னர் வைத்துத் துடைத்து, நேராக ஒரு புதுக் கோடு போட்டேன். சட்டைப் பையில் மஞ்சள் பேனாவும் இருந்தது. இறுக்காத நட்டின் மேல் கம்பெனி நிறத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

நின்ற பிறகுதான் எரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவளுடைய கிளினிக் பத்து நிமிட தூரம். நிறுத்திவிட்டு உள்ளே போவாள், வெளியே எரியும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. புறப்படும்போது பெரியவர் வேறு மாதிரிப் பேசினார்.

"நான் பஸ்லயே வந்துடறேன் பாப்பா. நீ ஓட்டற வேகத்துக்கு நான் தாங்க மாட்டேன்."

"நாளைக்கு இவங்க வண்டியை வாங்கி வெச்சுக்குவாங்க, எப்ப தருவாங்களோ. வாங்கப்பா, மேட்டு ரோட்டுல ஒரு சுத்து. அரை மணி நேரம்."

"கேட்டியா கண்டக்டர் தம்பி? டிரைவர் நானு, ரூட்டு போடறது இவ." அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்ற, நம்பி ஏறலாமா?"

அரை மணி நேரம், மேட்டு ரோடு. காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பஸ்ஸுக்குப் போவதென்றால் மகளும் ஐந்து நிமிடம் நின்று பேசுவாள், இன்ஜின் மூடியை இன்னொரு முறை திறந்து பார்க்கக்கூடும். எனக்கு அவர்கள் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"தாராளமா ஏறுங்க, வாரண்டி இருக்குல்ல," என்றேன். அவர் சிரித்தார். குனிய முடியாதவர், தலையில் இடிக்காமல் கை வைத்து உட்காரவைத்தேன். பெல்ட் போட்டுவிட்டேன். கதவை மூடினேன்.

மற்றது உங்கள் ஃபைலில் இருக்கிறது, வண்டி மேட்டு ரோட்டில் ஓடும்போதே தீப்பிடித்தது. அவள் வெளியே குதித்துவிட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து, தகிக்கும் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறாள். தீயில் பூட்டு இறுகிவிட்டது, வெளியிலிருந்து திறக்கவில்லை, பெரியவர் உள்ளேயே போய்விட்டார். அந்தக் கைகளால் இனிப் பல் பிடுங்க முடியாது என்கிறார்கள்.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். பெட்டி உருகியிருந்தது, அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. கரிந்த வண்டியைப் பார்க்க நானும் கூடப் போனேன், பரிசோதகன் என்ற முறையில். அவர் பெட்ரோல் குழாயின் மேல் படிந்த கரியைத் துணியால் துடைத்தார். தளர்ந்த நட்டு, அதன் மேல் வெள்ளையாக, உடையாத கோடு. வேறு யாராக இருந்தாலும் தளர்த்திவிட்டுப் போயிருப்பான். தளர்ந்த நட்டின் மேல் கோடு போடுகிறவன் உலகத்தில் இருக்க மாட்டான் என்று அவர் சொன்னார். "இந்தத் தீயில பெயிண்ட் எப்படி நின்னுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அறுநூறு டிகிரி தாங்கும் என்று நான் பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

ஆமாம். தளர்த்தியது நான். கோடு போட்டது நான். ஏற்றி அனுப்பியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். மேஜை ஆடாமல் யாராவது பிடித்துக்கொண்டால் சுத்தமாகப் போடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்துகிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கைப்பிடியைக் காட்டித் தருகிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருந்தேன். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது. அது மட்டும் என் தவறு.