பதினேழாம் எண் புட்டி

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். கழுத்தை ஒரே பக்கமாக வைத்துப் பேசினால், பிடரியில் கிளம்பும் வலி அரை மணி நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். இந்தத் தலைவலி பிறப்பது கழுத்தில். உங்கள் விசாரணைக் குழுவிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் தங்கைக்கும் இதே வலிதான். தையல்காரி, குனிந்த தலை நிமிராத வேலை. பத்து வருடத்துக்கு முன்னால் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், இந்த மருந்துச் சோதனையை நடத்தினாரே, அவரேதான். அவள் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கழுத்துல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுலதான். வேலைக்குப் போக சோம்பல்," என்றார், அவளை எதிரில் வைத்துக்கொண்டே.

அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். கடையில் வாங்கிய வலி மாத்திரைகளைக் கடலை மாதிரி தின்றாள். இரண்டே வருடத்தில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள்.

இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் சேர்ந்தது வீட்டுக்குப் பக்கம் என்பதால்தான். பழைய கதையைக் கிளற எனக்கு எண்ணமில்லை. ஆனால் அதே மனுஷர், கழுத்திலிருந்து வரும் தலைவலிக்குப் புது மருந்து என்று மேடை மேடையாகப் பேச ஆரம்பித்தார். ஒருநாள் தங்கையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "யாரும்மா அது, நம்ம ஸ்டாஃபா?" என்றார். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

சோதனையில் அறுபது பேர். முப்பது பேருக்கு மருந்து, முப்பது பேருக்கு வெறும் மாவு. கேப்ஸ்யூல் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது, நர்ஸுக்கும் தெரியக்கூடாது. பட்டியல் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். எண் ஒட்டிய புட்டிகளை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஆறு மாதமும் மருந்து கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்தைத் தொட்டியில் கழுவி விட்டுவிட்டு மாவை நிரப்பினேன். அறுபது பேருக்கும் சோளமாவு. விஷம் ஒன்றும் இல்லையே.

மருந்து தோற்றது என்று அறிவித்த அன்று பெரிய டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கக் கண் குளிர்ந்தது.

பதினேழைப் பற்றிக் கேட்டீர்கள். அவளும் தையல்காரிதான். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் அவளுக்கு நிஜ மருந்து விழுந்திருந்தது. என் தங்கைக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. அவள் பங்கைத் தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. எனக்கும் இதே வலி என்று சொன்னேனே. அவளுக்கு மாவைக் கொடுத்துவிட்டு, அவள் கேப்ஸ்யூல்களை நான் சாப்பிட்டேன்.

நாலாவது மாதம் ஜன்னலருகே வந்து நின்றாள். "அக்கா, எனக்கு நிஜ மருந்துதானே வருது? முடியலக்கா, கடை மாத்திரையும் சேத்துப் போடறேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, சோதனையிலேருந்து எடுத்துருவாங்க."

"சொல்ல மாட்டேம்மா. நம்பிச் சாப்பிடு," என்றேன். சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கை மீறும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மாட்டிக்கொண்டது என் சுத்தத்தால்தான். சோதனையில் மருந்து சாப்பிடுகிறவர்கள் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நாட்குறிப்பில் எழுத வேண்டும். பழக்க தோஷம், நானும் எழுதினேன். எண் இல்லாத நாட்குறிப்பு செல்லாது. அதனால் புட்டியில் இருந்த எண்ணையே போட்டேன். மற்றவற்றோடு அதையும் கட்டி அடுக்கியிருக்கிறேன். அறுபது பேருக்கு அறுபத்தொரு நாட்குறிப்பு, பதினேழுக்கு இரண்டு. ஒன்றில் எட்டு, ஒன்பது, ஒன்பது. இன்னொன்றில் இரண்டாம் மாதத்திலிருந்து வெறும் பூஜ்யம். நல்ல மருந்து. அதை நீங்கள் பூட்டி வைத்ததிலிருந்துதான் எனக்கு மறுபடியும் கழுத்து இழுக்கிறது.

போன மாதம் பதினேழு இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். சிறுநீரகம் என்றீர்கள். ஆச்சரியப்படவில்லை, அது எப்படிப் போகும் என்று ஏற்கெனவே பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் என் தங்கையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால், நான் ஒரு புட்டியைக்கூடத் திறந்திருக்க மாட்டேன். என்னைக் கேட்டால், அந்த டாக்டர் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறார்.